சுவர்ச் சாமிகள் மூன்றையும் இடம் மாற்றியது சம்பந்தமாகக் காசம்மாள் சொன்னது

எனது பெயர் காசம்மாள். காலஞ்சென்ற ஆதிமூலத்தின் மனைவி. வயது ஆதார் அட்டையில் அறுபத்தாறு என்று இருக்கிறது. அது தப்பு. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிய வருஷம் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன் என்று என் தாயார் சொல்லுவார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வில்லியனூர் வழி, நொச்சிமேடு காலனி, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய முதல் வீட்டில் குடியிருந்து வருகிறேன். பஸ் நிறுத்தத்தில் அவித்த வேர்க்கடலையும் சோளக்கருதும் விற்கிறேன். சர்க்கரை வியாதி உண்டு. வியாதியெல்லாம் வழக்குக்கு எதற்கு என்று ஏட்டு அருள்மொழி அவர்கள் கேட்டார். வழக்கே அதனால்தான் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்படுகிறது.

எங்கள் ஊரைச் சேர்ந்த சிங்காரவேலு என்பவர் என்மீது கொடுத்துள்ள புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில், நொச்சிமேடு பஸ் நிறுத்தத்தில் பொதுமக்கள் வழிபட்டு வந்த முச்சாமி சன்னதியிலிருந்து மூன்று சாமிகளையும் நான் பெயர்த்துத் திருடிக்கொண்டு போய் மத உணர்வைப் புண்படுத்திவிட்டதாகக் கண்டிருக்கிறது. பெயர்த்தது உண்மை. திருடியது பொய். அந்தச் சாமிகள் என் வீட்டுச் சுவரைக் காக்க நாங்கள் வாங்கி ஒட்டியவை. இப்போது அவை இருப்பது புகார் கொடுத்தவர் வீட்டுச் சுவரில். திருடிய பொருளைப் புகார் கொடுத்தவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைக்கிற திருடியை எங்காவது பார்த்ததுண்டா என்று கேட்டேன். கேள்வி கேட்கக் கூடாது, பதில் மட்டும் சொல்ல வேண்டும் என்றார்கள்.

மேற்படி சிங்காரவேலுவை எனக்குச் சிறுவயது முதல் தெரியும். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அவர் நிலத்தில் நானும் என் கணவரும் நடவும் அறுப்பும் செய்திருக்கிறோம். முன்விரோதம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொல்லச் சொல்லியிருப்பதால் சொல்கிறேன். என் கணவர் இறந்தபோது நல்ல மழை. பிணத்தை இவருடைய கரும்புக் கொல்லை வரப்பு வழியாகக் கொண்டுபோனால் சுடுகாடு கூப்பிடு தூரம். வரப்பு இளகிவிடும் என்று விடவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போனோம். அதற்கும் முன்னால், என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், நாங்கள் உடைத்துக் கொடுத்த கலர் சோடாவை வாங்கி, தாலி கட்டி முடிகிற வரை கையிலேயே பிடித்திருந்து, போகும்போது நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார். ஆரஞ்சுக் கலர். ஊர்த் தேர் எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். ஏன் என்று கேட்டதற்கு, தெரு குறுகல், தேர் திரும்பாது என்று சொன்னவரும் இவரே. கரும்பு லாரி திரும்புகிற தெரு அது. இவ்வளவும் வேண்டாம், முன்விரோதம் உண்டு என்று ஒரு வரி போதும் என்று ஏட்டு சொன்னார். ஒரு வரியில் அடங்குகிறதாக இருந்தால் நான் இத்தனை காலம் சுமந்திருக்க மாட்டேன்.

என் வீட்டின் பக்கச் சுவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருக்கிறது. சுவருக்கு உள்பக்கம் என் அடுப்பங்கரை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை. பஸ் ஏற வருகிறவர்கள், இறங்குகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், கடையிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லா ஆண்களும் என் சுவரில்தான் ஒன்றுக்குப் போய்வந்தார்கள். சத்தம் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் திரும்பாமல் இருப்பதே நல்லது என்று நானும் விட்டுவிடுவேன். அதன் பிறகு என் பேத்தி சுவேதா, இங்கே சிறுநீர் கழிக்காதீர் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்தாள். படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துக்கொண்டே போனார்கள்.

அதன் பிறகு வில்லியனூரில் ஒரு கடையில் பிள்ளையார் படம் போட்ட டைல்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். ஆஸ்பத்திரிச் சுவரில்கூட ஒட்டியிருக்கிறார்கள். என் மகன் அன்புராஜ் கொத்தனார். அவன் ஒட்டிக் கொடுத்தான். மறுநாளே கழுத்தில் சிலுவை போட்ட ஒருவர் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, மரியாதையாக நாலடி தள்ளி நின்று ஒன்றுக்குப் போனார். கேட்டதற்கு, “அது எங்க சாமி இல்ல ஆயா” என்றார்.

இதைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டது லில்லி. லில்லி எனக்கு அடுத்த வீடு, வேதக்காரர், பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்கிறவர். எங்கள் தெருவில் பாதி வீடு மாதாவுக்கு, பாதி வீடு மாரியாத்தாளுக்கு. ஆடிக் கூழும் கிறிஸ்துமஸ் கேக்கும் எல்லா வீட்டுக்கும் போகும். வேதக்காரர் பேரைக் கெடுக்கிறானே என்று லில்லியே போய் வேளாங்கண்ணி மாதா டைல்ஸ் ஒன்று வாங்கி வந்தார். மூன்றும் இருந்தால்தான் சுவருக்கு முழுக் காவல் என்று கடைக்காரர் சொல்லி, மெக்கா படம் போட்டதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம். மூன்றையும் வரிசையாக ஒட்டினோம். அதன் பிறகு என் சுவர் காய்ந்தது. ஆண்கள் வேறு எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஜமாலுதீன் மட்டும் ஒரு நாள் வந்து நின்று பார்த்தார். அவர் சுல்தான்பேட்டைக்காரர். நாங்கள் படத்தைக் கும்பிடுகிறவர்கள் இல்லை ஆயா, இருந்தாலும் இது இருக்கிற இடத்தை நினைத்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தம் கடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஊரில் நான் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் சிலரே.

அந்த மூன்று சாமிக்கும் நான் ஒரு நாளும் கற்பூரம் காட்டியதில்லை. காவலுக்கு வைத்தேன், காவல் காத்தார்கள், அதோடு சரி. முதலில் மஞ்சள் தடவியது யார் என்று தெரியவில்லை. அதன் பிறகு பிரைவேட் பஸ் டிரைவர் ஒருவர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ரோட்டு வளைவில் பயந்து எலுமிச்சம்பழம் வைத்தார். அதன் பிறகு பரீட்சைக்குப் போகிற பெண்கள் பேனாவைக் கொண்டுவந்து வைத்து எடுத்துப் போனார்கள். அதன் பிறகு பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த ஒருவர் மணி கட்டினார். பிழைக்க வைத்தது டாக்டர், மணி எனக்கு. என் அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேராகக் கட்டியதால் சொல்கிறேன்.

அதன் பிறகு மேற்படி சிங்காரவேலு வந்தார். அவர் மகன் விஜயராஜுக்குப் பிரான்ஸ் போக விசா கிடைக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. இவரும் போகாத கோயில் இல்லை. ஒரு நாள் பெட்ரோல் தீர்ந்து வண்டி என் வீட்டெதிரில் நின்றுபோனதில், சும்மா நிற்பதற்குப் பதில் என் சுவருக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கிறார். விசா வந்துவிட்டது. அவ்வளவு கோயிலும் செய்யாததை என் சுவர் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றிவிட்டது. அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் விட்டுத்தான் கும்பிட்டார், நான் பார்த்தேன். அதன் பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் சுவருக்குத் தகரக் கொட்டகை போட்டார். கமிட்டி போட்டார். போர்டு வைத்தார். அதில் அருள்மிகு முச்சாமி சன்னதி என்பது சின்ன எழுத்திலும் தலைவர் சிங்காரவேலு என்பது பெரிய எழுத்திலும் இருக்கும். வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். ஜமாலுதீனைக் கேட்காமலேயே துணைத் தலைவர் என்று போட்டுவிட்டார்கள். அவர் வேண்டாம் என்றதற்கு, மும்மதம் என்றால் நீ இல்லாமல் எப்படி என்றார்கள். விடியற்காலையில் மூன்று மதப் பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீக்கரில் போகும். கொட்டகை வந்ததில் என் அடுப்பங்கரை பகலிலேயே இருட்டு. பொங்கல் வைத்தபோது முதல் தொன்னையை வாங்கி, என் சுவரிலேயே சாய்ந்துகொண்டு மேற்படியார் சாப்பிட்டார். என் வீட்டுக் கலர் இறங்காத தொண்டையில் என் சுவர்ப் பொங்கல் இறங்கியது. அதையும் பார்த்தேன்.

இனிமேல்தான் விஷயம். ஆண்களுக்குச் சுவர் இருந்தது. அதுவும் இல்லாவிட்டால் மரம் இருந்தது. பெண்களுக்கு அந்த பஸ் நிறுத்தத்தில் ஒன்றும் கிடையாது. ஆதியிலிருந்து என் வீட்டுக் கக்கூஸ்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள், கம்பெனிக்குப் போகிற பெண்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும், “ஆயா, கொஞ்சம்” என்று வந்து நிற்பார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் அடக்க முடியாதவர்களுக்கு இடமும் இல்லையென்று சொல்லக் கூடாது. விட்டேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வந்தது, சன்னதி ஆனபின் கூட்டமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சாமியை ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு என் வாசலில் அரைமணி நேரம் நிற்கிறார்கள். தம் வீட்டில் கக்கூஸ் இல்லாத லில்லிக்கும் அதே வரிசைதான். அவருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் காட்டியபோது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னார். குடித்தால் எங்கே போவது என்று லில்லி கேட்டதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையில் எம்.எல்.ஏ. நிதியில் பஸ் நிறுத்தத்துக்குக் கழிப்பறை அனுமதியாகிவிட்டதாகச் சொல்லி ஜே.இ. என்கிற என்ஜினீயர் வந்து, என் சுவருக்கு அடுத்த புறம்போக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நான் பல வருஷம் மனு கொடுத்து வந்தது. அன்றைக்கு ஜே.இ.க்கும் அவருடன் வந்தவர்களுக்கும் கடலை கொடுத்துக் காசு வாங்கவில்லை. அதன் பிறகு சிங்காரவேலு, சன்னதிக்குப் பக்கத்தில் கக்கூஸா என்று ஆட்சேபணை மனு எழுதினார். கமிட்டியார் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு மதத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. ஜமாலுதீன் போடவில்லை. ஜே.இ. கோட்டோடு வேலையை நிறுத்திவிட்டார்.

நான் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். என்னைக் கூப்பிடவில்லை, என் சுவரோரம் நடக்கிற கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வேண்டியதில்லை. அங்கே, அந்தச் சாமிகள் வந்ததே நாற்றத்தைத் தடுக்கத்தான், கக்கூஸ் கட்டினால் அவர்களுக்கும் வேலை சுளுவாகும் என்று சொன்னேன். அதற்கு மேற்படியார், “இன்னா காசம்மா, சாமியா கக்கூஸான்னு வந்தா ஊரு எதச் சொல்லும்?” என்றார். “ஊர்ல பாதிப் பேரு பொம்பளைங்க. அவங்கள யாரு கேட்டீங்க?” என்றேன். பெண்கள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளப் பழக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். பெயரை இப்போது சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

அதன் பிறகு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்தே கூட்டம். சர்க்கரைக்காரிக்கு அவசரம் என்றால் அவசரம்தான். நான் கடலைக் கூடையை லில்லியிடம் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தபோது வாசலில் வரிசை நின்றது. ஆயா, நாங்கள் எல்லாரும் வரிசையில்தானே நிற்கிறோம் என்று வெளியூர்ப் பெண் ஒருத்தி சொன்னாள். என் வீடு என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதவள்மேல் எனக்குக் கோபமில்லை. நின்றேன். அன்று என் சேலையை நானே அலசிப் போட்டேன். லில்லி வந்து ஒன்றும் கேட்காமல் கொடியில் காயப்போட்டார். இதற்குமேல் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் முடிவு செய்தேன். வீராம்பட்டினம் தேர் அன்று எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கை இருக்காது. சிங்காரவேலு வீட்டில் எல்லாரும் காலையிலேயே காரில் போய்விட்டார்கள். மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பிள்ளையார்மேல் பூ வைத்து உத்தரவு கேட்டேன், வலப்பக்கம் விழுந்தது. மாதாவுக்கு லில்லி ஜெபமாலை சொன்னார். மூன்றாவதற்கு என்ன முறை என்று ஜமாலுதீனைப் போய்க் கேட்டேன். “ஒரு மொறையும் இல்ல ஆயா. கீழ போட்டுடாத, அது போதும்” என்றார். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாரே தவிர, இதில் அவருக்குச் சம்பந்தமில்லை. லில்லியும் ஜெபம்தான் செய்தார். ஜெபத்துக்குக் கேஸ் போட முடியாது.

சுவரில் சிமென்ட் வைத்து ஒட்டியதை உடையாமல் பெயர்த்தது யார் என்று கேட்டார்கள். நான்தான். என் மகன் அன்புராஜ் அன்று ஊரில் இல்லை. அவன் ஊரில் இல்லை என்பதை இன்னொரு தடவையும் எழுதச் சொன்னேன். அவன் ஊரில் இல்லை. சிங்காரவேலு வீட்டு மதில் சுவரில் மூன்று டைல்ஸும் வெள்ளைச் சிமென்ட் வைத்து, நூல் பிடித்தாற்போல நேராக ஒட்டியிருப்பது எப்படி என்று கேட்டார்கள். சாமி காரியம் நேராகத்தான் அமையும்.

ஏன் அவர் வீட்டுச் சுவரில் வைத்தாய் என்று கேட்டார்கள். அந்தச் சாமிகள்மேல் ஊரிலேயே அதிகப் பக்தி உள்ளவர் அவர். போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது. என் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர், வெள்ளையடிக்காதது. அவர் மதிலோ நீளமானது, பெயின்ட் அடித்தது, எதிரில் வேன் நிறுத்த இடமும் உண்டு. சாமியை நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்று கமிட்டியிலேயே பேசியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வாக்குமூலம் சற்று நேரம் நிறுத்தப்பட்டது. எனக்குப் போக வேண்டியிருந்தது. நிலையத்தில் பெண்களுக்கான அறையில் பழைய சைக்கிள்கள் போட்டு வைத்திருப்பதால், பெண் காவலர் சரண்யா என்னைக் கைபிடித்துப் பின்தெருவில் ஒரு மெஸ்காரம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா சரண்யாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார். தினமும் இங்கேதானா என்று கேட்டேன். “வேற எங்க ஆயா போவறது? டியூட்டி நாள்ல நான் தண்ணியே குடிக்கமாட்டேன்” என்றார். திரும்பி வந்ததும் இதை எழுதச் சொன்னேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஏட்டு சொன்னார். வழக்கே இதுதான் என்று சொன்னேன். ஏட்டு தம் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுதினார்.

தேர் முடிந்து எல்லாரும் திரும்பி வந்ததும் சிங்காரவேலு சத்தம் போட்டது உண்மை. உடனே பெயர்த்து எடுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டதும் உண்மை. அவர் மனைவி கனகாம்பாள்தான், “மகன் கடல் தாண்டி இருக்கறான். சாமிமேல கை வச்சீங்கன்னா நான் இந்த வூட்ல இருக்கமாட்டேன்” என்று தடுத்துவிட்டார். மற்ற கமிட்டியாரைக் கேட்டார்கள். யாரும் உளியைத் தொடவில்லை. கனகாம்பாள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது ஒரு பித்தளைக் குடம் சம்பந்தப்பட்டது. அதை இங்கே கொண்டுவரவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடலூர்ப் பக்கமிருந்து வேனில் வந்தவர்கள் என் சுவரில் வெறும் மூன்று சதுரத் தழும்பைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். நான் கடலை விற்றுக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டார்கள். சாமிகள் வீடு மாறிவிட்டார்கள் என்று கை காட்டினேன். அது குற்றமானால் ஒப்புக்கொள்கிறேன். பெண்கள் வழக்கப்படி, “ஆயா, கொஞ்சம்” என்றார்கள். அதுவும் அங்கேயே இருக்கிறது, தலைவர் வீடு, உள்ளே மூன்று பாத்ரூம், டைல்ஸ் போட்டது என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த டைல்ஸையும் என் மகன்தான் ஒட்டினான்.

சாமி கும்பிட வந்தவர்களைத் தலைவர் வீட்டில் விரட்ட முடியாது அல்லவா. கனகாம்பாள் கேட்டைத் திறந்துவிட்டார். சாயங்காலம் வரை வரிசை நின்றதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. லில்லி மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மறுநாள், அதாவது இன்று, காலையில் சிங்காரவேலு புகார் கொடுத்திருக்கிறார். அதில் கடைசியாக, சாமிகளைக் காசம்மாள் தம் செலவில் பழையபடி தம் சுவருக்கே எடுத்துப் போக உத்தரவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முடியாது. நானே எடுத்தால் திருட்டு, நானே திரும்ப எடுத்தால் மட்டும் புண்ணியமா? போலீஸ் எடுக்கட்டும் என்றேன். ஏட்டு, அது டிப்பார்ட்மென்ட் வேலை இல்லை என்று அவசரமாகச் சொன்னார். அப்படியானால் அவரே எடுக்கட்டும். எடுத்தால் மத உணர்வு புண்படுமா படாதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கனகாம்பாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். சிங்காரவேலு அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் கனகாம்பாள் சொன்னதாவது: “நேத்து எம் வூட்டு பாத்ரூமுக்கு நானே க்யூல நின்னேன். எனுக்கும் சக்கரை இருக்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?” கனகாம்பாள் கட்டியிருந்தது புதுச் சேலை, மடிப்புக் கலையாதது. நேற்று என்ன சேலை கட்டியிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரண்யா அவருக்கு நாற்காலி போட்டார்.

அதன் பிறகு கனகாம்பாள் தம் கணவரிடம், கழிப்பறைக்குக் கொடுத்த ஆட்சேபணையை வாபஸ் வாங்கி இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றார். கமிட்டியைக் கலந்து பேச வேண்டும் என்றார் இவர். கமிட்டியார் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் கலந்து பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்றார் அந்தம்மா. சிங்காரவேலு என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அதன் பிறகு சரண்யாவிடம் பேனா வாங்கி எழுதினார். ஏட்டு அதைப் படித்துக் காட்டினார். பெண்கள் பக்கத்துக்குக் கதவும், கதவுக்கு உள்தாழ்ப்பாளும், தண்ணீரும் வேண்டும் என்பது அதில் இல்லை. சொல்லிச் சேர்க்க வைத்தேன். ஆண்கள் பக்கத்தையும் விடாமல் கட்ட வேண்டும் என்று சேர்க்க வைத்தேன். இல்லாவிட்டால் மறுபடி என் சுவருக்கு வந்துவிடுவார்கள்.

என்மேல் கொடுத்த புகாரையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாக சிங்காரவேலு சொன்னார். வாங்கட்டும், வாங்காவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை. கோர்ட்டிலும் இதையே சொல்லுவேன், இன்னும் விவரமாகச் சொல்லுவேன். ஏட்டு அதற்கு, கோர்ட் வேண்டாம் ஆயா என்றார்.

சமாதானமாகிவிட்டது, சாமிகளை இனி உன் சுவருக்கே திரும்பக் கொண்டுபோகச் சம்மதமா என்று கடைசியாகக் கேட்டார்கள். சம்மதமில்லை. சிங்காரவேலு எழுதிக் கொடுத்தது ஒரு காகிதம். காகிதம் கட்டடம் ஆகாது. மனு கொடுத்துக் கொடுத்து எனக்குத் தெரியும். கக்கூஸ் கட்டி, கதவு போட்டு, நானும் லில்லியும் கனகாம்பாளும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வரும்வரை சாமிகள் மூன்றும் தலைவர் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். அவர்கள் அங்கே இருந்தால்தான் வேலை நடக்கும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை சரண்யா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. கைநாட்டு வேண்டாம், அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் கற்றுக்கொண்டிருக்கிறேன், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தார்கள்.

(ஒப்பம்) கா ச ம் மா ள்

என் முன்னிலையில்: சரண்யா, பெண் காவலர்
பதிவு செய்தவர்: அருள்மொழி, தலைமைக் காவலர்